மாடல் ராக்கெட் கிட்: பறப்பைக் கணிக்க எது போதும்? அட்டவணையா, ஓப்பன்ராக்கெட்டா, ராக்சிமா, சொந்தக் கணக்கா?

கிட் வாங்கி, குழாயும் துடுப்பும் ஒட்டத் தொடங்கியவர்கள் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். பறக்கவிடும் முன் சிமுலேஷன் செய்தே ஆகவேண்டுமா? செய்வதென்றால் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் போதுமா, காசு கொடுத்து ராக்சிம் வாங்குவது மேலா, பைத்தானில் நாமே எழுதிவிடலாமா? ஒவ்வொன்றுக்கும் வாதாட ஆள் இருப்பதால் புதிதாக வருபவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

எவ்வளவு உயரம் போகும் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. என் பட்டியலில் அது கடைசி. உயரம் 50 மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கணிப்பு பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகள் வேறு.

நிலைத்தன்மை. ஈர்ப்பு மையம் முன்னாலும், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையம் பின்னாலும் இருந்தால்தான் ராக்கெட் மூக்கை முன்னே வைத்துப் பறக்கும். இடைவெளியை உடற்குழாயின் விட்டத்தால் அளக்கிறோம். ஒரு விட்டம் ஒரு காலிபர். ஒன்றிலிருந்து இரண்டு காலிபர் வரை இருப்பது நல்லது. அதைவிடக் குறைந்தால் தடுமாறும். மிக அதிகமானால் காற்று வரும் திசைக்குத் திரும்பிச் சாய்ந்துகொண்டு போகும்.

ஏவுகம்பியை விட்டு விலகும் வேகம். கம்பி இருக்கும்வரை அதுதான் வழிகாட்டி. அதன்பின் துடுப்புகள் வேலை செய்ய வேகம் வேண்டும். நொடிக்கு 13 முதல் 15 மீட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்சம். 13 மீட்டர் வேகத்தில் விலகும்போது பக்கவாட்டில் 5 மீட்டர் வேகக் காற்று அடித்தால், ராக்கெட்டைக் காற்று 21 டிகிரி சாய்வில் தாக்குகிறது. இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

மோட்டாரும் தாமதமும். மோட்டார் எரிந்து முடித்து, சில விநாடித் தாமதத்துக்குப் பின் பாராசூட்டை வெளியே தள்ளும். அது உச்சியில் விரிய வேண்டும். முன்னாலேயோ பின்னாலேயோ விரிந்தால் வேகத்தில் கயிறு அறும், அல்லது குழாயின் வாய் கிழியும்.

எங்கே இறங்கும். மைதானத்துக்குள் விழுமா, வெளியே போகுமா?

இவற்றோடு செலவுக் கணக்கு: பணம், கற்கும் நேரம், நாம் அளந்து கொடுக்கவேண்டிய எண்கள்.

## ஒப்பிட ஒரு ராக்கெட்

எல்லா வழிகளுக்கும் பொதுவாக ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன். குழாய் விட்டம் 25 மில்லிமீட்டர், பாராசூட்டோடு கட்டி முடித்த எடை 40 கிராம். உள்ளே 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள சி6 மோட்டார், 24 கிராம். ஆகக் கிளம்பும்போது 64 கிராம்.

மோட்டாரின் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது சராசரி உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியதைச் சொல்கிறது. ஏ வகை 2.5 நியூட்டன்-விநாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. ஒவ்வொரு எழுத்துக்கும் மேல்வரம்பு இரட்டிப்பாகும். அடுத்த எண் சராசரி உந்துவிசை, சி6-5 என்பதுபோல் கோட்டுக்குப் பின்னால் வருவது எரிந்து முடித்தபின் பாராசூட்டைத் தள்ளும்வரை ஆகும் விநாடிகள். சி6 நடைமுறையில் சுமார் 8.8 நியூட்டன்-விநாடியைச் சுமார் 1.86 விநாடிகளில் தருகிறது. வகுத்தால் சராசரி 4.7 நியூட்டன்தான். பெயரிலுள்ள 6-ஐ அப்படியே கணக்கில் போட்டால் தொடக்கத்திலேயே தவறு புகுந்துவிடும்.

## ஒன்று: கிட் தாளின் அட்டவணையும் சுழற்றிப் பார்ப்பதும்

கிட்டோடு வரும் தாளில் எந்தெந்த மோட்டார் பொருந்தும், முதல் தடவைக்கு எது என்று இருக்கும். தயாரிப்பாளர் அந்த வடிவத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தபின் தரும் பட்டியல் அது. தாளில் சொன்னபடியே கட்டியிருந்தால், முதல் பறத்தலுக்கு அந்தப் பட்டியலை நம்பலாம்.

நிலைத்தன்மைக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. மோட்டார், பாராசூட், தீத்தடுப்புத் தாள் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேலே சுழற்றுவது. மூக்கு முன்னே பார்த்தபடி சுற்றினால் பறக்கத் தகுதி. இது சற்றுக் கறாரான சோதனை. நன்றாகப் பறக்கக்கூடிய சில ராக்கெட்டுகளும் இதில் தோற்கும். ஆனால் தேறிய ராக்கெட் ஏமாற்றுவது அரிது.

மறைந்திருக்கும் செலவு ஒட்டுப்பசையில் இருக்கிறது. தாளிலுள்ள உயரமும் மோட்டார் பட்டியலும் பெட்டியில் வந்த எடைக்கானவை. துடுப்பின் அடியில் எப்பாக்சியை வழித்து, இரண்டு கோட் ப்ரைமர், மூன்று கோட் வண்ணம் அடித்தபின் அது வேறு ராக்கெட். நம் மாதிரியில் மூக்கிலிருந்து 200 மில்லிமீட்டரில் ஈர்ப்பு மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 290 மில்லிமீட்டரில், அதாவது துடுப்பின் அடியில், 3 கிராம் பசை கூடினால் மையம் 4 மில்லிமீட்டர் பின்னே நகரும். 25 மில்லிமீட்டர் குழாய்க்கு அது 0.16 காலிபர். 1.5 காலிபர் இருந்த ராக்கெட்டுக்கு இது ஒன்றும் செய்யாது. ஒன்றைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ராக்கெட்டை எல்லைக்குக் கீழே தள்ளிவிடும்.

காற்று எவ்வளவு தள்ளும் என்று அட்டவணை சொல்லாது. அதை நாம்தான் கணக்கிட வேண்டும், அது கடினமும் இல்லை. உச்சி உயரத்தை இறங்கும் வேகத்தால் வகுத்து, காற்றின் வேகத்தால் பெருக்கினால் தோராயமான தூரம் கிடைக்கும்.

## இரண்டு: ஓப்பன்ராக்கெட்

சாம்போ நிஸ்கனென் 2009-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வாகச் செய்த மென்பொருள் இது. இலவசம், மூலநிரலும் திறந்தது, ஜாவாவில் எழுதப்பட்டதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அழுத்த மையத்துக்கு ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் உருவாக்கிய சமன்பாடுகளே அடிப்படை. அவை ஏறத்தாழ நேராகப் பறக்கும் ராக்கெட்டுக்கானவை; குழாயின் உடலே தரும் தூக்குவிசையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓப்பன்ராக்கெட் அதையும் சேர்த்துக்கொள்கிறது. நீண்ட, ஒல்லியான ராக்கெட் காற்றில் சாயும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

நான்கு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைப்பதுதான் இதன் பெரிய பலம். காலிபர் திரையில் படத்தோடு தெரியும், கம்பியை விடும் வேகமும் மோட்டாருக்கு உகந்த தாமதமும் தனித்தனி நெடுவரிசையில் வரும், காற்றைக் கொடுத்தால் இறங்கும் இடமும் வரும். சந்தையிலுள்ள மோட்டார்களின் உந்துவிசை வரைவுகள், அதாவது விசை நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுகள், உள்ளேயே இருக்கின்றன.

அந்த வரைவு எவ்வளவு முக்கியம் என்று நம் மாதிரியிலேயே பார்க்கலாம். சராசரி 4.7 நியூட்டனை மட்டும் வைத்து 90 சென்டிமீட்டர் கம்பியின் முனையில் வேகம் போட்டால் நொடிக்கு 11 மீட்டர்கூட வராது. ஏவாதே என்று அர்த்தம். ஆனால் சி6 தீப்பற்றிய முதல் 0.2 விநாடியிலேயே 14 நியூட்டன் வரை எகிறி, அதன்பின்தான் தணிகிறது. அந்தக் கூர்முனையைச் சேர்த்தால் வேகம் 16 மீட்டருக்கு அருகில் போய்விடுகிறது. ஒரே மோட்டார், ஒரே ராக்கெட், தீர்ப்பு மட்டும் தலைகீழ்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, மென்பொருள் தானாக நிரப்பிக்கொள்ளும் எண்கள். நீங்கள் சொல்லாதவரை துடுப்பின் விளிம்பு சதுரமானது, மேற்பரப்பு சாதாரண வண்ணம் பூசியது என்று அது எடுத்துக்கொள்ளும். பசையின் எடை அதற்குத் தெரியாது. பட்டியலிலிருந்து எடுத்த மூக்குக் கூம்பின் எடை உங்கள் கையிலுள்ளதோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை. திரையில் அழகான படமும் தசமப்புள்ளி உயரமும் வந்தவுடன் நம்பிக்கை வந்துவிடுகிறது. அது படத்தால் வந்த நம்பிக்கை.

மருந்து எளிது. கட்டி, வண்ணம் காய்ந்தபின், மோட்டார் இல்லாமல், பாராசூட்டையும் தீத்தடுப்புத் தாளையும் உள்ளே வைத்து 0.1 கிராம் காட்டும் தராசில் எடை பாருங்கள். ஒரு அளவுகோலை நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பில் ராக்கெட்டை வைத்து, சமநிலையில் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். இந்த இரண்டு எண்களையும் மென்பொருளில் ராக்கெட்டின் முழு நிலைக்கும் (stage) நேரடியாகக் கொடுத்துவிடலாம். அது தானாகக் கூட்டிய எடையும் மையமும் ஒதுங்கிக்கொள்ளும். மோட்டாரை அதுவே சேர்த்துக்கொள்வதால்தான் மோட்டார் இல்லாமல் அளக்கச் சொல்கிறேன். மோட்டாரோடு அளந்த எண்ணைக் கொடுத்தால் 24 கிராம் இரண்டு தடவை ஏறிவிடும்.

## மூன்று: ராக்சிம்

அமெரிக்காவின் அபோஜி கம்போனென்ட்ஸ் நிறுவனம் விற்கும் மென்பொருள். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். வாங்கும் முன் சோதித்துப் பார்க்கலாம். கணக்கிடும் திறனில், கிட் அளவிலுள்ள ஒரு ராக்கெட்டுக்கு, ஓப்பன்ராக்கெட்டைவிட இது பெரிதாக முந்திவிடுகிறது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதன் பலம் நீண்ட காலப் புழக்கம். பல கிட்களின் வடிவமைப்பு இதன் கோப்பாகவே ஏற்கெனவே கிடைக்கிறது, அளவுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். ஆனால் அந்தக் கோப்புகளை ஓப்பன்ராக்கெட்டும் திறந்துவிடும் என்பதால், அதற்காக மட்டும் பணம் கொடுக்கத் தேவையில்லை. மாற்றித் திறக்கும்போது சில பாகங்களின் எடையோ இடமோ பிசகலாம். திறந்தவுடன் பாகங்களின் பட்டியலை ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள்.

உங்கள் குழுவில் எல்லோரும் ராக்சிமில் வேலை செய்தால், கோப்பை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட அதையே வாங்குவது நல்லது. பணம் கொடுத்ததற்கு நிறுவனத்தின் உதவியும் கிடைக்கும். தனியாகத் தடுமாற விரும்பாதவர்களுக்கு அது பெரிது. ஒரே ஒரு கிட் கட்டுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## நான்கு: நாமே எழுதும் கணக்கு

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. தனியாக இதை மட்டும் நம்பி ஏவக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்முறை எளியது. 0.01 விநாடிக்கு ஒரு தடவை, உந்துவிசையிலிருந்து எடையையும் காற்றின் இழுவையையும் கழித்து, நிறையால் வகுத்து, முடுக்கம், வேகம், உயரம் என்று நகர்த்திக்கொண்டே போவது. எக்செல்லில் சில நெடுவரிசைகள், பைத்தானில் சில பத்து வரிகள். பள்ளி இயற்பியல் போதும்.

இதைச் செய்து பார்த்தால்தான் காற்று எவ்வளவு தின்கிறது என்று உறைக்கும். நம் மாதிரி ராக்கெட்டைக் காற்றே இல்லாத உலகில் ஏவினால் ஏறக்குறைய 1,000 மீட்டர் போகிறது. ராக்கெட்டின் வடிவத்தையும் மேற்பரப்பையும் காற்று எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் எண்ணான இழுவைக் குணகம் 0.6 என்று வைத்தால் 345 மீட்டர். மூன்றில் இரண்டு பங்கை காற்று எடுத்துக்கொள்கிறது.

குணகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 0.75 என்றால் உயரம் 310 மீட்டர், எரிந்து முடித்ததிலிருந்து உச்சிக்கு 5.6 விநாடி. 0.45 என்றால் உயரம் 395 மீட்டர், உச்சிக்கு 6.8 விநாடி. சி6 மோட்டாரில் 5 விநாடித் தாமதமும் 7 விநாடித் தாமதமும் கிடைக்கின்றன. சொரசொரப்பான ராக்கெட்டுக்கு சி6-5, வழவழப்பாகத் தேய்த்து வண்ணம் பூசியதற்கு சி6-7. நடுவில் 0.6-இல் சரியாக 6.1 விநாடி வருகிறது. எதை எடுத்தாலும் ஒரு விநாடி பிசகும், பாராசூட் விரியும்போது நொடிக்கு 10 மீட்டர் வேகம் இருக்கும். உயரத்தில் 85 மீட்டர் வித்தியாசம் வெறும் தகவல். தாமதத்தில் வரும் ஒரு விநாடி, எந்த மோட்டாரை வாங்குவது என்பதையே தீர்மானிக்கிறது. சொந்தமாக எழுதிய கணக்கு கற்றுத்தருவது இதைத்தான்: எந்த எண்ணை ஆட்டினால் எந்த முடிவு ஆடுகிறது என்று.

குறைகளும் பெரியவை. நேர்க்கோட்டில் ஏறும் கணக்கு, ராக்கெட் நேராகத்தான் ஏறும் என்று தொடங்கும்போதே எடுத்துக்கொண்டுவிடுகிறது. நிலைத்தன்மை பற்றி அது மூச்சுவிடாது. பாரோமன் சமன்பாடுகளை இன்னொரு தாளில் போட்டு அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பைத்தானில் முழு முப்பரிமாணக் கணிப்பு வேண்டுமென்றால் ராக்கெட்பை என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை ஓடவிட்டு, எங்கெல்லாம் விழக்கூடும் என்று வரைந்து காட்டுவதில் அது சிறந்தது. ஆனால் இழுவைக் குணகத்தை அது தானாகக் கணக்கிடுவதில்லை, நாம்தான் கொடுக்க வேண்டும். அதை எடுக்கப் பலர் ஓப்பன்ராக்கெட்டுக்கே திரும்புகிறார்கள். கிட் ராக்கெட்டுக்கு இது தேவைக்கு மேற்பட்டது; பெரிய ராக்கெட்டுக்குப் போக நினைக்கும் மாணவர் குழுவுக்கு நல்ல முதலீடு.

## ஒரே பார்வையில்

| | கிட் தாள் + சுழற்றல் | ஓப்பன்ராக்கெட் | ராக்சிம் | சொந்தக் கணக்கு |
|---|---|---|---|---|
| நிலைத்தன்மை | ஆம் / இல்லை என்ற பதில் | காலிபரில் | காலிபரில் | தனியாகப் போட வேண்டும் |
| கம்பியை விடும் வேகம் | தெரியாது | தெரியும் | தெரியும் | வரைவைக் கொடுத்தால் தெரியும் |
| தாமதம் | பரிந்துரை மட்டும் | கணக்கிடும் | கணக்கிடும் | கணக்கிடலாம், குணகம் ஊகம் |
| இறங்கும் இடம் | கைக்கணக்கு | காற்றோடு | காற்றோடு | கைக்கணக்கு. ராக்கெட்பையில் விரிவாக |
| பணம் | இல்லை | இல்லை | உண்டு | இல்லை |
| கற்க | சில நிமிடம் | ஒரு மாலை | ஒரு மாலை | சில நாட்கள் |
| மறைசெலவு | கூடிய எடையை அறியாது | தானே நிரப்பும் எண்கள் | கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் எண்கள் பிசகலாம் | பக்கக் காற்றை அறியாது |

## யாருக்கு எது

முதல் கிட், தாளில் சொன்னபடி கட்டியது, பரிந்துரைத்த மோட்டார் என்றால் தாளும் சுழற்றலும் போதும். சிமுலேஷன் தெரியவில்லையே என்று தயங்கி ராக்கெட்டை அலமாரியில் வைத்திருக்க வேண்டாம்.

கிட்டில் எதையாவது மாற்றினால் ஓப்பன்ராக்கெட் கட்டாயம். துடுப்பின் வடிவம், குழாயின் நீளம், கேமரா, உயரமானி, பட்டியலில் இல்லாத மோட்டார் எல்லாம் மாற்றம்தான். மோட்டார் பின்னால் இருப்பதால், பெரிய மோட்டார் ஈர்ப்பு மையத்தையும் பின்னே இழுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலிபர் குறைந்தால் மூக்குக் கூம்புக்குள் சிறிது களிமண் வைத்து ஈடுகட்டலாம். எவ்வளவு என்பதை மென்பொருளில் கிராம் கிராமாகக் கூட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

மைதானம் சிறியது என்றால் முதலில் இறங்கும் இடத்தைப் பாருங்கள், மோட்டாரை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். நம் ராக்கெட் சி6-இல் 345 மீட்டர் போய், நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கினால், 5 மீட்டர் வேகக் காற்றில் 430 மீட்டர் தள்ளிப்போகும். அதே ராக்கெட் பி6-4 மோட்டாரில் 160 மீட்டர்தான் ஏறும், 200 மீட்டருக்குள் இறங்கிவிடும். இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் பாராசூட்டைச் சிறிதாக்குங்கள், அல்லது நடுவில் துளை போடுங்கள். அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதி, காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் ஏவாதே என்கிறது. கிட் ராக்கெட்டுக்கு அதில் பாதியே அதிகம் என்பது என் கருத்து.

வகுப்பில் கற்பிப்பவர்கள் சொந்தக் கணக்கையும் ஓப்பன்ராக்கெட்டையும் சேர்த்தே எடுக்கலாம். மாணவர்கள் முதலில் தாங்களே எழுதி உயரம் சொல்லட்டும், பிறகு மென்பொருள் என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும். இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடும்போதுதான் உந்துவிசை வரைவும் இழுவையும் மனதில் பதியும்.

ஒலியின் வேகத்தை நெருங்கும் ராக்கெட் என்றால் இந்தப் பட்டியலே மாறும். அதற்கு ராசஏரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிட் கட்டுபவர்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

எந்த வழியை எடுத்தாலும் முதல் பறத்தலில் ஒரு சின்ன உயரமானியை உள்ளே வையுங்கள். அதன் எடையையும் சேர்த்தே அளந்திருக்க வேண்டும். இறங்கியபின் அது காட்டிய உயரம் வரும்வரை உங்கள் கணிப்பில் இழுவைக் குணகத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். அந்தக் குணகத்தை ராக்கெட்டின் பெயரோடு எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த மோட்டாரின் தாமதத்தை அதை வைத்தே தேர்ந்தெடுங்கள்.